சாயம் போகாத பிள்ளை

தன் மகன் மேல் வெயில் படவே கூடாது என்று வல்லிநாயகம் தீர்மானம் செய்தார்.

வாயால் மட்டும் செய்த தீர்மானம் இல்லை. தென்காசியில் தேரடிக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு ஜவுளிக்கடை இருந்தது. அங்கிருந்து கனத்த ஜமுக்காளங்களாகப் பார்த்துச் சுமந்துவந்து, வீட்டு ஜன்னல் ஒவ்வொன்றிலும் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். கட்டை விரலில் சுத்தியல் விழுந்து நகம் கன்றியது. பட்டப்பகலில் வீட்டுக்குள் விளக்கு ஏற்றவேண்டி வந்தது. அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. வீட்டில் பொக்கிஷம் வைத்திருப்பவன் கொஞ்சம் கஷ்டப்படத்தானே வேண்டும்?

பொக்கிஷம் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தலைப்பிள்ளை, அதுவும் ஆண் பிள்ளை. ஆனால் வல்லிநாயகம் கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது அதை இல்லை. ஆண் பிள்ளை யாருக்கும் பிறக்கும். பொன்னிறத்தில் பிறக்குமா?

பிறந்த அன்று பிள்ளை எல்லாப் பிள்ளைகளையும் போலச் சிவந்துதான் கிடந்தது. இரண்டொரு நாளில் நெற்றி மினுங்க ஆரம்பித்தது. அப்புறம் கன்னம், கழுத்து, நெஞ்சு என்று மேலிருந்து கீழே பொன் இறங்கி வந்தது. வல்லிநாயகம் விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இறக்கிப் பிடித்துப் பார்த்தார். எப்படிப் பார்த்தாலும் பொன்தான்.

அவருடைய சொந்த நிறத்தைச் சொன்னால்தான் இந்தச் சந்தோஷம் புரியும். அவர் கடையில் கறுப்புச் சேலைக்கு மாதிரித் துணி கிடையாது, அண்ணாச்சி முழங்கையைக் காட்டினால் போதும் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்வார்கள். அவர் அப்பாவும் அப்படித்தான். தாத்தா அதற்கும் மேலே. பெண் பார்க்கப் போன வீடுகளில் அவரைப் பார்த்துவிட்டுக் காப்பி போடுவதா வேண்டாமா என்று உள்ளே போய்க் கூடிப் பேசியவர்கள் உண்டு. யோசிக்காமல் காப்பி கொடுத்தது திருவேங்கடத்துக்காரி பேராச்சி ஒருத்திதான். அவளும் புளியங்கொட்டை நிறம். இந்த இரண்டு பேருக்கும் ஒரு பொன்!

காரணமும் அவருக்குத் தெரியும். குங்குமப்பூ. பேராச்சி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த வாரமே, கொல்லத்துக்குப் போகிற வழியில் தென்காசியில் தங்கிய ஒரு பம்பாய் வியாபாரியைப் பிடித்து ஒரு சின்னத் தகர டப்பா குங்குமப்பூ வாங்கினார். தினம் பாலில் இரண்டு இழை போட்டுக் குடிக்கவேண்டும் என்று மனைவிக்குக் கட்டளை. அவளும் தலையை ஆட்டினாள். டப்பா குறைந்துகொண்டே வந்தது. அடிக்கடி திறந்து பார்த்து அவர் திருப்திப்பட்டுக்கொண்டார். அந்த மாதங்களில் வீட்டில் எல்லாமே செழிப்பாகத்தான் இருந்தது. அவர் குடிக்கிற பால்கூட இளமஞ்சளாய், கமகமவென்று இருந்தது. "மலையடிவாரத்துப் புல்லு திங்க மாடுட்டி. பாலே எப்படி மணக்குது பாரு!" என்று மாட்டைப் புகழாமல் அவர் படுத்ததில்லை.

இந்தச் சந்தோஷத்தில் முதல் கல்லை எறிந்தது ஞானபாக்கியம். பேராச்சிக்குப் பிரசவம் பார்த்தவர். மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பழகியவர். தெருவுக்குள் அவர் குடை நுழைவதற்கு முன்னால் அவர் குரல் நுழைந்துவிடும். பேராச்சிக்குத் தாய் இல்லாததால் அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போவார்.

அன்று வந்தவர் முதலில் ஜமுக்காளத்தில் முட்டிக்கொண்டார். அதை ஒரு ஓரமாகத் தூக்கிவிட்டு, பிள்ளையின் மூக்கு நுனியை விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார். கண் இமையை விலக்கிப் பார்த்தார்.

"காமாலை, அண்ணாச்சி."

"யாருக்கு?"

"எனக்கா வந்திருக்கு? உங்க மகனுக்குத்தான். முழியைப் பாருங்க, மஞ்சளா இருக்கு."

வல்லிநாயகம் ஆவலாகக் குனிந்தார். "ஏட்டி பேராச்சி! முழிகூடப் பொன்னுட்டி!"

"பொன்னாவது பித்தளையாவது! பச்சைப் பிள்ளையளுக்கு வாரதுதான், பயப்பட வேண்டாம். ஆனா சும்மா விட்டுரப்படாது. காலம்பற இளவெயில்ல கொஞ்ச நேரம் போடணும். தூங்கினாலும் எழுப்பி எழுப்பிப் பால் குடுக்கணும். மஞ்சள் காலு வரைக்கும் எறங்கிச்சுன்னா பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும். கேட்டியளா?"

"வெயில்லயா?" வல்லிநாயகம் தொட்டிலுக்குக் குறுக்கே வந்து நின்றார். "கறுத்துப் போவும்லா?"

"கறுத்தா என்ன? நீங்க கறுத்துத்தான் இருக்கிய. கடை நடத்தலியா? கல்யாணம் முடிக்கலியா?"

"நர்சம்மா, பிள்ளைப்பேறு பாக்குதது உங்க தொழில். நிறம் என் தொழில். நிறத்தைப் பாத்துத்தான் நான் சோறு திங்கேன். எனக்குப் பாடம் எடுக்காதீய."

அதில் பொய் இல்லை. எலுமிச்சை மஞ்சளுக்கும் மாம்பழ மஞ்சளுக்கும் நடுவே இன்னும் மூன்று மஞ்சள் இருக்கின்றன என்று தென்காசிக்குச் சொன்னவரே அவர்தான். கடைக்கு வருகிற பெண்கள் சேலையைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாசல் வெளிச்சத்துல பாத்துட்டு வாரேன்" என்று வெளியே நடப்பார்களே, அதைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "நான் சொல்லுத நிறம்தான் நிறம். வெளிச்சம் என்னத்தச் சொல்லப் போவுது?" என்பார். அப்படியும் அவர்கள் வெளியேதான் போவார்கள்.

ஞானபாக்கியம் குடையைத் தூக்கிக்கொண்டு போனார். அன்று மத்தியானம் பிள்ளை பாலுக்கு அழவில்லை. பேராச்சி உள்ளங்காலைச் சுண்டினாள், காதைத் தடவினாள், ஈரத் துணியால் முகத்தைத் துடைத்தாள். பிள்ளை கண்ணைத் திறக்காமல் இரண்டு வாய் சப்பிவிட்டு மறுபடியும் தூங்கிப்போனது.

"ஏங்க, பிள்ளை பால் குடிக்க மாட்டேங்கான். எனக்குப் பயமா இருக்கு. ஒரு நாழிகை, ஒரே ஒரு நாழிகை வெயில்ல போடுவோம்."

"பொன்னுப் பிள்ளை அப்படித்தாண்டி அலுங்காமத் தூங்கும். கரியாப் பொறந்ததுதான் கத்தும். நான் எப்படிக் கத்தினேன்னு எங்கம்மை சொல்லுவா."

பேராச்சி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அரிசி புடைக்கப் போய்விட்டாள். பேராச்சி சண்டை போட்டால் பயமில்லை, பேசாமல் இருந்தால்தான் பயப்படவேண்டும் என்பது வல்லிநாயகத்துக்கு அன்றுவரை தெரியாது.

சாயங்காலம் அவள் குரல் தேன் மாதிரி இருந்தது.

"ஏங்க, ஒரு சந்தேகம். சேலைக்குச் சாயம் ஏத்துதாங்களே, அது எப்படி அதுலயே நிக்கி?"

கேள்வி கேட்டவர்களிடம் வல்லிநாயகத்துக்குத் தனிப் பிரியம். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "அது பெரிய வித்தைல்லா? மொதல்ல படிகாரம் போடணும். பெறவு அலசணும். அதுவும் கெணத்துத் தண்ணியில அலசினா ஆவாது. ஓடுத தண்ணி வேணும். ஓடுத தண்ணியில அலசின சாயம் துணி கிழியுத வரைக்கும் போவாது."

"அப்படியா?" பேராச்சி பிள்ளையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "நாம கெணத்துத் தண்ணியிலதான குளிப்பாட்டுதோம்."

"அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. எங்க ஊர்ல ஒரு பிள்ளை இப்படித்தான் பொன்னாப் பொறந்துச்சாம். கொஞ்ச நாள்ல நிறம் எறங்கிட்டாம். அது சேலைக்குத்தான் பொருந்தும், பிள்ளைக்குப் பொருந்துமா? நான் ஒருத்தி, என்னத்தையாவது பேசிக்கிட்டு!"

வல்லிநாயகத்துக்கு அதன்பிறகு உட்கார முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்தார். நிறம் இறங்குமா? இறங்கினால் கடைத்தெருவில் எந்த முகத்தோடு நடப்பது? ஓடுகிற தண்ணீர் வேண்டும். ஓடினால் போதுமா, விழுந்து ஓடினால் இன்னும் விசேஷம் இல்லையா? சட்டென்று நின்றார்.

"ஏட்டி! குத்தாலம்!"

"குத்தாலமா?" என்றாள் பேராச்சி, அப்படி ஓர் ஊரை அன்றுதான் கேள்விப்பட்டவள் மாதிரி.

"பேரருவி ஆவாது. அங்கன ஊரே எண்ணெயைத் தேச்சுக்கிட்டு நிக்கும். ஐந்தருவிதான் சரி. விடியுமுன்ன போனா ஒரு பய இருக்க மாட்டான். அஞ்சு பிரிவுலயும் பிடிச்சு ஒரு கொடம் கொண்டாந்துட்டா, நிறம் எங்கிட்டுப் போவும்?"

"ஐந்தருவியா? அம்மாடி! அம்புட்டுத் தூரம் நீங்க தாங்க மாட்டிய. ஆளை விட்டு எடுத்தாரச் சொல்லலாம்னா, தகப்பன் கையாலல்லா கொண்டாரணும். வேண்டாம், விட்டுருங்க. நிறம் போனாப் போவுது."

"நான் தாங்க மாட்டேனா?" என்றார் வல்லிநாயகம். மறுநாள் விடியுமுன்னே பித்தளைக் குடத்தோடு புறப்பட்டுவிட்டார்.

சாரல் காலம். மலை முழுக்க மேகம். குற்றாலத்தைத் தாண்டும்போதே உடம்பெல்லாம் நனைந்துவிட்டது. ஐந்தருவியில் கடைகள்கூடத் திறக்கவில்லை. பாசிப் பாறையில் வழுக்கி விழாமல், ஐந்து பிரிவிலும் குடத்தை நீட்டித் தண்ணீர் பிடித்தார். ஒரு குதிரைவண்டி கிடைத்தது, ஏறி வந்துவிட்டார். வீட்டுக்குள் அவர் நுழைந்தபோது பேராச்சி பிள்ளையோடு கொல்லைப் பக்கமிருந்து மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"இம்புட்டு வெரசா வந்துட்டிய?"

"வண்டி கெடச்சிது."

"ஐயோ, வண்டியிலயா? குலுங்கின தண்ணி ஆவாதே! நடந்துல்லா வரணும்?"

மறுநாள் நடந்து வந்தார். வழியெல்லாம் எதற்குத் தண்ணீர் என்று கேட்டவர்களுக்கு விவரம் சொன்னார். சொன்னதில் ஏழெட்டுப் பேர் பொன் பிள்ளையைப் பார்க்க அவர் பின்னாலேயே கிளம்பிவிட்டார்கள். அதனால் மூன்றாவது நாளிலிருந்து வாயைத் திறக்கக்கூடாது என்று ஆயிற்று. அன்று பேசாமல் காப்பிக் கடையில் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சாவகாசமாகக் காப்பி குடித்ததில் நேரமாகி, கடையிலிருந்து அவரைத் தேடிக்கொண்டு வீட்டுக்கே ஆள் வந்துவிட்டது. குடத்தைத் தரையில் வைக்கவும் கூடாது என்றாள் பேராச்சி. நடை, மௌனம், தோளில் குடம். வல்லிநாயகம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். நல்ல சாயத்துக்கு மெனக்கெடத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு விஷயம் அவரைக் குடைந்தது. கடையிலிருந்து மஞ்சள் துண்டுத் துணிகளை ஒரு கட்டாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். தினம் சாயங்காலம் விளக்கை வைத்துக்கொண்டு பிள்ளையின் கன்னத்தில் ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்ப்பார். முதல் நாள் மாம்பழ மஞ்சள் அச்சாகப் பொருந்தியது. இரண்டொரு நாள் கழித்து எலுமிச்சை மஞ்சளுக்கு வந்துவிட்டது. அப்புறம் சந்தனம். அதற்கப்புறம் சந்தனமும் பொருந்தவில்லை. மஞ்சள் கட்டே தீர்ந்துபோய், அவர் காப்பிக்கொட்டை நிறக் கட்டை அவிழ்க்கவேண்டி வந்தது.

"ஏட்டி, எறங்குதே!"

"நீங்க வழியில யார்கிட்டயும் பேசினியளா?"

"ஒரு பயகிட்ட பேசல."

"மனசுக்குள்ளயாவது பேசியிருப்பிய."

வல்லிநாயகம் யோசித்துப் பார்த்தார். மனசுக்குள் பேசியது உண்மைதான். அதை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

இன்னொன்றும் அவருக்குப் புரியவில்லை. நிறம் இறங்க இறங்கப் பிள்ளைக்குத் தொண்டை திறந்துகொண்டது. பாலுக்கு வீடு அதிர அழுதது. குடித்த வேகத்துக்குத் துணியை நனைத்தது. மடியில் தூக்கினால் அவர் மீசையைப் பிடித்து இழுத்தது. வலித்தது. வலித்தாலும் நன்றாக இருந்தது. பிள்ளையின் தலையை முகர்ந்தால் ரோஜா அத்தர் மணம் வேறு.

"ஏட்டி, நம்ம வீட்டுல ஏது அத்தரு?"

"அருவித் தண்ணியில மலைப் பூவெல்லாம் கெடக்கும்லா? அந்த மணமா இருக்கும்."

வல்லிநாயகம் குடத்துக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்த்தார். அங்கே பித்தளை மணம்தான் வந்தது.

அடுத்த நாள் ஐந்தருவியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தபோது ஒரு மோட்டார் கார் அவர் பக்கத்தில் வந்து நின்றது. குளித்துவிட்டு மதுரைக்குத் திரும்புகிற ஒரு பெரிய மனிதர். "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டார். வல்லிநாயகம் பதில் சொல்லவில்லை. "குடம் எதற்கு?" அதற்கும் பதில் இல்லை. வெறுங்கால், ஈர வேட்டி, தோளில் குடம், வாயில் மௌனம். பெரிய மனிதர் காரை விட்டு இறங்கிக் கும்பிட்டு, "சுவாமி, என் வண்டியில் பாதம் படவேண்டும்" என்று கதவைத் திறந்துவிட்டார்.

வல்லிநாயகம் தத்தளித்தார். மாட்டேன் என்று சொல்ல வாயைத் திறக்கக்கூடாது. வண்டியில் ஏறவும் கூடாது. ஆனால் அதுவரை அவர் வாழ்நாளில் காரில் ஏறியதில்லை. மெத்தை எப்படித்தான் இருக்கும்? சக்கரத்தைப் பிடித்து எப்படித் திருப்புவான்? ஒரு நாள்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று குடத்தை மடியில் அணைத்துக்கொண்டு ஏறிவிட்டார். மெத்தை நன்றாகத்தான் இருந்தது.

தெரு முனையிலேயே இறங்கிக்கொண்டார். தென்காசியில் அப்போது மேகம் விலகி, கோயில் பக்கமிருந்து இளவெயில் அடித்துக்கொண்டிருந்தது. அடடா, கெட்ட வெயில் என்று நினைத்தபடி வீட்டுக்குள் நுழைந்தார். ஜமுக்காளங்கள் தொங்கின. விளக்கு எரிந்தது. தொட்டில் காலியாக இருந்தது.

குனிந்து பார்த்தார். துணியைத் தடவிப் பார்த்தார். பேராச்சியும் இல்லை. பாளையங்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடணும் என்று ஞானபாக்கியம் சொன்னது ஞாபகம் வந்தது. அந்த நிமிஷம் பொன்னும் நினைவில்லை, மஞ்சளும் நினைவில்லை. என் பிள்ளை எங்கே என்பது ஒன்றுதான் இருந்தது. குடத்தோடு கொல்லைக்கு ஓடினார்.

கிணற்றடிச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் மகனின் அழுகை கேட்டது.

இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. நடுச் சுவரில் ஒரு சின்னக் கதவு. அதற்கப்பால் ரஹ்மத்துன்னிசாவின் வீட்டு முற்றம். அவள் புருஷன் கொழும்பில் வியாபாரம் செய்கிறவர். பெண்கள் மட்டும் இருக்கிற அந்த முற்றத்துக்குள் வேற்று ஆண் யாரும் கால் வைத்ததில்லை. கதவு பாதி திறந்திருந்தது, குறுக்கே ரோஜா அத்தர் மணக்கிற திரைச்சீலை. வல்லிநாயகம் அதற்கு முன்னால் வந்து நின்றார். உள்ளே போகக்கூடாது. வாயைத் திறக்கக்கூடாது. குடத்தை இறக்கக்கூடாது. காலைத் தரையில் ஓங்கி மிதித்தார்.

"ம்ம்ம்!"

"யாரது?" என்றது ரஹ்மத்துன்னிசாவின் குரல்.

"ம்ம்ம்ம்!"

"பேராச்சி, உங்க மாடு அவுந்துட்டு வந்துட்டு போல."

"ம்ம்ம்ம்ம்!"

"மாடு இல்ல. எங்க வீட்டுக்காரங்க," என்றாள் பேராச்சி.

"யா அல்லா! அண்ணாச்சி, அங்கனயே நில்லுங்க! ஆம்பிளைய இல்லாத வீடு!"

திரை விலகிப் பேராச்சி வந்தாள். தோளில் பிள்ளை. பின்னாலேயே ஞானபாக்கியம். வல்லிநாயகத்தின் வாய் திறக்கப்போனது.

"பேசிராதீய!" என்றாள் பேராச்சி. "நடந்து வந்த தண்ணி வீணாப் போயிரும்."

வாய் மூடிக்கொண்டது. அவர் முகவாயால் பிள்ளையைக் காட்டினார். வானத்தைக் காட்டினார். புருவத்தை மேலே தூக்கிப் பேராச்சியைப் பார்த்தார்.

"ஆமா, வெயில்லதான் போட்டேன். நீங்க குத்தாலத்துக்குக் கெளம்பினதும் தெனம் இந்த முத்தத்துலதான் போட்டேன். மேகம் வெலகி மானம் வெளிக்கிற வரைக்கும் நாங்க மூணு பேரும் காத்துக் கெடந்து, வெயில் எட்டிப் பாத்த நேரமெல்லாம் போட்டோம்." பேராச்சி பிள்ளையை மறு தோளுக்கு மாற்றினாள். "அன்னைக்கு என் கையில துணி மாதிரிக் கெடந்தான். உங்ககிட்ட அழுதேன். பொன்னு தூங்குதுன்னு சொன்னிய. எனக்குப் பொன்னு வேண்டாம். பிள்ளை போதும்."

வல்லிநாயகம் குடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டு போறாங்கன்னு ஊர்ப் பொம்பளையளை எல்லாம் ஏசுவியள்லா?" அவள் பிள்ளையை அவருக்கு நேராக வெயிலில் பிடித்தாள். "இந்தாங்க வெளிச்சம். பாருங்க."

பார்த்தார். ஜமுக்காளம் மாட்டியதற்கப்புறம் இன்றுதான் மகனை முழுப் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறார். முழி இரண்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. கன்னம் புஷ்டியாக இருந்தது. நிறத்துக்கு மாதிரித் துணி தேவைப்படவில்லை. குடத்தைப் பிடித்திருந்த தன் முழங்கை அங்கேயே இருந்தது, ஒட்டிப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லாமல் பொருந்தியது. பிள்ளை அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அவர் அப்பா கொட்டாவி விடுவது அப்படியேதான் இருக்கும்.

"இது சாயம் போவாத நிறம், அண்ணாச்சி," என்றார் ஞானபாக்கியம். "எந்தத் தண்ணியிலயும் அலச வேண்டாம்."

வல்லிநாயகத்தின் கண் நிறைந்துவிட்டது. இரண்டு கையிலும் குடம், துடைக்க வழியில்லை. வழிந்தபடியே நின்றார். இவ்வளவு அழகான பிள்ளையையா ஜமுக்காளத்தைப் போட்டு மூடி வைத்தோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

பேராச்சி அவருடைய கால்களைப் பார்த்தாள். "அது சரி, இம்புட்டு வெரசா எப்படி வந்திய? காலுல சேறே இல்லியே?"

வல்லிநாயகம் வானத்தைப் பார்த்தார்.

"கார்லயா?"

வல்லிநாயகம் கிணற்றைப் பார்த்தார்.

"சரி, சரி. எறக்கி வச்சிட்டுப் பேசுங்க. போதும்."

அவர் குடத்தை இறக்கினார். பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஏட்டி, இத்தனை நாளும் நான் சுமந்துட்டு வந்த தண்ணி?"

"அதுலதான் பருப்பு வேவ வைக்கேன். நம்ம கெணத்துத் தண்ணியில அது விடிய விடிய வெந்தாலும் கல்லாத்தான் கெடக்கும். இப்பம் பூவா மலருது. நீங்களே ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிய."

திரைக்குப் பின்னாலிருந்து ரஹ்மத்துன்னிசா சொன்னாள்: "எங்க வீட்டுச் சாயாவுக்கும் அதுதான், அண்ணாச்சி. நாளைக்குக் கொஞ்சம் பெரிய கொடமா எடுத்துட்டுப் போங்க."

வல்லிநாயகம் அதையும் விழுங்கிக்கொண்டார். ஆனால் ஜவுளிக்காரர் இல்லையா, ஒரே ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருந்தது. அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

"எல்லாம் சரிட்டி. ஆனா அந்தக் குங்குமப்பூ? டப்பா முச்சூடும் காலி பண்ணியிருக்க. அதுல ஒரு இழைகூடவா பிள்ளைக்கு ஒட்டல?"

"அந்த வாடையே எனக்குக் கொமட்டிட்டு வரும். நான் எங்க குடிச்சேன்? வீணாக்கக்கூடாதுன்னு தெனம் உங்க பால்லதான் போட்டேன்." பேராச்சி அவரை வெயிலில் நன்றாகத் திருப்பி நிறுத்தி, தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். "வாசல் வெளிச்சத்துல பாத்துட்டேன். உங்களுக்கும் ஒட்டல."